கயோகோவின் இஷ்டம்

ஒசாகாவின் தெங்கச்சாயா நிலையத்தில் ரயில் கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைவது கோட்டோதான். கயோகோ அதற்குப் பின்னால். ஆளைவிட உயரமான அந்தப் பதிமூன்று நரம்பு வாத்தியத்தைப் பூப்போட்ட உறையோடு நிமிர்த்தி, முதல் பெட்டியின் கதவோரத்தில் சாய்த்து, ஒரு கையால் அதன் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்பாள். குடித்துவிட்டு வந்த புருஷனை வீட்டுக்குக் கூட்டிப் போகிறவள் போல இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் அவளும் சும்மா விடமாட்டாள். "சத்தம் போடாதீங்க கண்ணுங்களா. இவரு இப்பத்தான் அசந்து தூங்குறாரு. முழிச்சிக்கிட்டா பதிமூணு குரல்ல கத்துவாரு," என்பாள்.

உராபே கயோகோவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம், நடையில் எப்போதும் ஒரு அவசரம். வாராவாரம் சலூனில் செட் செய்துகொள்ளும் தலைமுடி புயலடித்தாலும் அசையாது. கைப்பையில் மிட்டாய் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டாள். பக்கத்தில் இருமுகிறவர், அழுகிற குழந்தை, வழி கேட்கிறவர், யாராக இருந்தாலும் கையில் ஒன்றைத் திணித்துவிடுவாள். பேச்சுக்குப் பேச்சு "அப்படித்தானே?" என்று கேட்பாள், எதிராளி வாய் திறப்பதற்குள் "அப்படித்தான்" என்று தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். கணவர் தெய்ஜி கடைத்தெருவில் சாவி நகல் எடுத்து, செருப்புக்குக் குதிகால் ஒட்டிப் பிழைக்கிறவர். கடைக்கு மேல் மாடியறையில் அவள் கோட்டோ சொல்லிக் கொடுக்கிறாள். கீழே சாவி அறுக்கும் இயந்திரம் கீச்சிட, மேலே நரம்பு அதிர, கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு இப்படித்தான் இருக்கிறது.

ஞாயிறு மதியங்களில் அவள் ரயிலேறிப் போவது சுமியோஷியில் மூடிக்கிடக்கும் ஒரு பொதுக் குளியல்கூடத்துக்கு. தண்ணீர் வற்றிய வெந்நீர்த் தொட்டிக்குள் தன் பெரிய திருவிழா முரசை இறக்கி வைத்துக்கொண்டு குவாத்தா உட்கார்ந்திருப்பான். வார நாட்களில் கூரைக்கு ஓடு வேய்கிறவன்; தோள் இரண்டும் தூண் மாதிரி. எதிரில் ஊதா நிறச் சாயம் பூசிய தலையோடு ரின். ஆஸ்பத்திரி நர்ஸ், மூன்று நரம்பு ஷாமிசெனை வாளை உருவுகிற மாதிரிதான் உறையிலிருந்து எடுப்பாள். ஓரமாக மின்சார அடுப்புக்கு முன்னால் கோயில் பூசாரி மினாசே. மூங்கில் குழல்களைக் கொத்தாகச் செருகிய அவருடைய ஷோ என்ற ஊதுவாத்தியம், சூடு காட்டாவிட்டால் ஈரம் கோத்துக்கொண்டு ஊமையாகிவிடும். அப்பளம் சுடுகிறவர் போல அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டே இருப்பார். இன்னும் புல்லாங்குழல்காரர், கைத்தாளம் தட்டுகிறவர் என்று இரண்டு பேர். நடுவில் ஒரு குளியல் முக்காலி. அதில் ஹாதா ஐயா.

ஹாதா இசையமைப்பாளர். ஆனால் ஒரு ஸ்வரம்கூட எழுதமாட்டார். "எழுதினா நான் ஒருத்தன் யோசிச்சது மட்டும்தான் கேக்கும். எழுதாம விட்டா நீங்க அத்தனை பேரும் யோசிக்கிறது கேக்கும்," என்பது அவர் கட்சி. அதற்காக, ஆளாளுக்கு இஷ்டப்படி அடித்து நொறுக்கலாம் என்று அர்த்தமில்லை. அவர் கையில் நாலைந்து நிறத்தில் விசிறிகள் உண்டு. சிவப்பு விரிந்தால் வாசிக்கிறவர்கள் நிறுத்த வேண்டும், சும்மா இருப்பவர்கள் தொடங்க வேண்டும். வெள்ளை விரிந்தால் அவர் கைகாட்டும் இருவர் மட்டும். நீலம் என்றால் பக்கத்தில் இருப்பவர் செய்வதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு என்றால் மூச்சு விடுவது மட்டும் அனுமதி. யார், எப்போது என்பதை விசிறி சொல்லும். என்ன வாசிப்பது என்பது மட்டும் அவரவர் பாடு.

இன்னொரு விதியும் இருந்தது. முக்காலிக்கு முன்னால் நீல வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு துண்டு கிடக்கும். விசிறிக்காரர் நடத்துவது பிடிக்காவிட்டால் யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் அதை எடுத்துத் தலையில் கட்டிக்கொள்ளலாம். கட்டிய நொடியிலிருந்து ஆட்சி அவர்களுடையது. விசிறிக்காரர் வாயை மூட வேண்டும். அடுத்தவர் வந்து துண்டைப் பறிக்கும் வரை எல்லோரும் அந்தத் தலைக்கு அடங்கியாக வேண்டும். குவாத்தா ஒரே மதியத்தில் பலமுறை கட்டுவான். ரின் அதைப் பறிப்பாள். பூசாரிகூட ஒருமுறை கட்டி, வெட்கப்பட்டு உடனே அவிழ்த்தார். வந்த இரண்டு வருஷத்தில் அதைத் தொடாதவள் கயோகோ ஒருத்திதான்.

"கயோகோக்கா, ஒரே ஒரு தடவ கட்டுங்களேன். அது கடிக்காது," என்று ரின் சீண்டுவாள்.

"முடி கலைஞ்சுரும்டி. நேத்துதான் காசு குடுத்து செட் பண்ணினேன்."

"டீச்சரம்மாவுக்குப் பயம்," என்பான் தொட்டிக்குள்ளிருந்து குவாத்தா.

"ஆமாண்டா தம்பி, பயந்தான். அதுக்கென்ன இப்போ? மிட்டாய் வேணுமா?"

அவள் இந்தக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்ததே ஒரு கூத்து. ஹாதா சாவி நகல் எடுக்கக் கடைக்கு வந்திருந்தார். மாடியிலிருந்து ஏதோ சத்தம். சாவியை மறந்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். கயோகோ கையில் பழைய துணியோடு திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப வாசிச்சீங்களே, அது என்னதும்மா?"

"வாசிக்கலைங்க. நரம்புல தூசி தட்டிக்கிட்டு இருந்தேன்."

"அதேதான். மறுபடியும் தட்டுங்க."

பைத்தியம் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் கடை வாடிக்கையாளர் ஆயிற்றே என்று இன்னொரு தரம் தட்டினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். போகும்போது குளியல்கூடத்தின் விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார். சாவியை எடுக்காமலே போய்விட்டார்.

முதல் ஞாயிறு அவளுக்கு மறக்காது. வெள்ளை விசிறி விரிந்தது. ஹாதா அவளைக் கைகாட்டினார். அவள் மீட்டுவதற்கான பொய்நகத்தை மாட்டிய விரல்களோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "என்ன வாசிக்கணுங்க?" என்றாள். "உங்க இஷ்டம்," என்றார் அவர். "என் இஷ்டமா?" ஏழு வயதில் கோட்டோவின் முன் மண்டியிட்டவள், எத்தனையோ வருஷமாக எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி வாசித்தவள். எந்த விரல், எந்த நரம்பு, எங்கே மூச்சு வாங்குவது, எல்லாவற்றையும் குருபீடம் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் ஒரு நரம்பையும் தொடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது கணவரைக் கேட்டாள். "ஏங்க, எனக்கு என்ன இஷ்டம்?"

தெய்ஜி யோசித்தார். "கத்திரிக்காய் ஊறுகாய்," என்றார்.

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நீ சொன்னதில்லையே."

அந்தப் பதில் அவளைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறு போய், விசிறி விரிந்ததும் நகத்தின் பக்கவாட்டால் ஒரு நரம்பை நீளவாக்கில் கர்ரென்று உரசினாள். குளியல்கூடத்தின் ஓட்டுச் சுவர்கள் அதை வாங்கித் திருப்பி வீசின. அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ரின் அதே கர்ரை ஷாமிசெனில் பிடித்துக்கொண்டாள். குவாத்தா முரசின் விளிம்பில் தட்டி அதற்கு ஒரு கால் முளைக்க வைத்தான். அன்றைக்கு ரயிலில் கோட்டோவைக் கட்டிக்கொண்டு நின்றபோது அவள் முகத்தைப் பார்த்த ஒரு கிழவர், "பேரன் பொறந்திருக்கானா?" என்று கேட்டார்.

சேதி குருபீடத்துக்குப் போகாமல் இருக்குமா? கயோகோ கற்றதும், பட்டம் வாங்கியதும் மியோஷி பீடத்தில். பட்டம் என்றால் அது ஒரு பெயர். 'செய்கா', தெளிந்த பாடல். அந்தப் பெயரை மரப்பலகையில் எழுதிச் சாவிக்கடை வாசலில் மாட்டியிருந்தாள். அதைப் பார்த்துத்தான் மாணவிகள் படியேறி வந்தார்கள். பீடத்தின் தலைவி மியோஷி அம்மையார் ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். தேநீர் கொடுத்தார். ஆறும் வரை காத்திருந்துவிட்டுப் பேசினார்.

"அந்தக் குளியல்கூடத்து இரைச்சல்ல நீ இருக்கேன்னு சொல்றாங்க. நெசமா?"

"நெசந்தாங்கம்மா."

"நான் குடுத்த பேர வச்சுக்கிட்டு அங்க போய் உக்காரக் கூடாது. ஒண்ணு அத விட்டுரு. இல்லாட்டி பேரத் திருப்பிக் குடுத்துரு."

கயோகோ நெற்றி பாயில் படக் குனிந்து, "பேரக் குடுத்துர்றேங்கம்மா," என்றாள். அவ்வளவுதான் வாயில் வந்தது. சுடச்சுடச் சொல்ல வேண்டிய மற்றதெல்லாம் ரயிலில்தான் வந்தது. "பேரு உங்களுது, கை என்னுது, அப்படித்தானே?" என்று ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "அப்படித்தான்." பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் தள்ளி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் தெய்ஜி ஏணி போட்டுப் பலகையின் திருகாணிகளைக் கழற்றினார். சுவரில் வெளுப்பாக ஒரு நீள்சதுரம் தெரிந்தது. மறுநாள் அந்த இடத்தில் 'சாவி நகல், உடனடி' என்ற பலகையை மாட்டினார். மாணவிகள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் நின்றுபோனார்கள். ஒருத்தி பூங்கொத்து கொடுத்துவிட்டு நின்றாள். ஒருத்தி சொல்லாமலே நின்றாள். மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: ஒருத்திக்குக் காது மந்தம், இன்னொருத்தி வருவதே வம்பு பேச. மாடியறை பகலெல்லாம் சும்மா கிடந்தது. அவள் கீழே இறங்கி வந்து செருப்புக்குக் குதிகால் ஒட்டப் பழகினாள். பிசின் நாற்றம் போகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். வருத்தமா என்று ரின் கேட்டபோது, "பசிக்கிற மாதிரி இருக்குடி. ஆனா எதுக்குப் பசின்னு தெரியுது," என்றாள்.

சென்ற இலையுதிர்காலத்தில் ஆற்றங்கரை மண்டபத்தில் மரபு வாத்திய விழா நடந்தது. விழாக் குழுவில் யாரோ ஒருவர் புதிதாக ஏதாவது இருக்கட்டும் என்று சொல்ல, கடைசி நிகழ்ச்சி இந்தக் குளியல்கூடத்துக் கூட்டத்துக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய நிகழ்ச்சி மியோஷி பீடத்தினுடையது. ஒரே நிறக் கிமோனோவில் வரிசை வரிசையாகக் கோட்டோக்கள். ஒரு நகம்கூடப் பிசகவில்லை. வாசித்து முடித்தவர்கள் எல்லோரும் இறங்கிவந்து முன் வரிசைகளில் உட்கார்ந்துகொண்டார்கள், நடுவில் மியோஷி அம்மையார். கயோகோவிடமிருந்து நின்றுபோன மாணவிகளும் அங்கேதான் இருந்தார்கள். பின்னால் எங்கோ தெய்ஜி, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு.

"இன்னைக்குச் சொதப்புனா ஊரு பூரா சிரிக்கும்," என்றாள் கயோகோ திரைக்குப் பின்னால்.

"சொதப்புறதுக்கு நாம என்ன எழுதியா வச்சிருக்கோம்?" என்றார் ஹாதா.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை விசிறிக்குக் குழலும் தாளமும் பேசிக்கொண்டன. நீலத்துக்கு ஒருவர் குரலை ஒருவர் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம்தான் குவாத்தாவுக்கும் ரின்னுக்கும் பிடித்தது சனி. அவன் ஒரு அடி போட்டான். அவள் அதைவிடக் கூட ஒன்று போட்டாள். அவன் விடுவானா? கூட்டத்தில் சில பேர் கைதட்டித் தாளம் போட்டுவிட்டார்கள், அது போதாதா? இரண்டு பேருக்கும் தலைக்கேறிவிட்டது. ஹாதா சிவப்பை விரித்தார். பார்க்கவில்லை. கறுப்பை விரித்தார். அதையும் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, போய்விட்ட ரயிலுக்குக் கையாட்டுகிறவர் போல அவர் விசிறியை ஆட்டிக்கொண்டிருந்தார். பூசாரி ஷோவை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவர் கன்னம் உப்புவது தெரிந்ததே தவிர ஒலி கேட்கவில்லை. முன் வரிசையில் ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் இன்னொருத்தி. மண்டபத்தின் கதவு திறந்து மூடியது.

கயோகோ கோட்டோவின் முன் மண்டியிட்டிருந்தாள். பாதி ஆட்டத்தில் எழுந்திருப்பது என்பது கோட்டோக்காரிக்குக் கனவிலும் நடக்காத காரியம். அவள் எழுந்தாள். கிமோனோ முழங்காலைப் பிடித்தது. வெள்ளைக் காலுறையில் குட்டிக்குட்டி அடியாக எடுத்துவைத்து மேடையின் நடுவுக்கு வந்தாள். குனிந்து துண்டை எடுத்தாள். உதறினாள். சலூனில் செட் செய்த முடியின் மேல் இறுக்கிக் கட்டி, நெற்றியில் முடிச்சுப் போட்டாள்.

குவாத்தாவின் கோல் அந்தரத்தில் நின்றது. ரின்னின் கை நரம்பின் மேல் நின்றது. என்ன வெறியாக இருந்தாலும் துண்டுக்கு அடங்க வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஏறிப்போன விதி. கயோகோ உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினாள்.

மண்டபம் அடங்கியது. அடங்கிய பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. குளிர்சாதனத்தின் ரீங்காரம் கேட்டது. யாரோ இருமலை விழுங்கியது கேட்டது. வெளியே ஆற்றில் ஒரு படகு போவது கேட்டது. கதவுப் பக்கம் போனவர்கள், நடந்தால் சத்தம் வருமே என்று அங்கேயே நின்றுவிட்டார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் அந்த அமைதியை இழுத்துப் பிடித்தாள். அவளுக்குள் பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. இத்தனை பேருடைய காதும் இப்போது தன் கையில்.

விரலை நீட்டினாள். பூசாரி பக்கம். ஒரே மூச்சு. ஷோவின் ஒலி, விடியலில் ஜன்னல் கதவைத் தள்ளியதும் விழும் வெளிச்சம் போல நீளமாக வந்து தரையில் படுத்தது. அடுத்து குவாத்தா. கோலைக் கீழே வை என்று சைகை காட்டினாள். நகத்தால் சுரண்டு என்று காட்டினாள். ஓடு வேய்கிற அந்த ராட்சசன் முரசுத் தோலில் நகத்தை ஓட்டினான். கூரையில் தூறல் விழுந்தது. ரின்னுக்கு ஒரே நரம்பு, அதுவும் வாத்தியத்தின் அடிவயிற்றுப் பக்கம். தூறலுக்குள் ஒரு தவளை பேசியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், சந்தோஷமாக.

அவள் துண்டோடு தன் இடத்துக்குத் திரும்பினாள். மண்டியிட்டாள். கோட்டோவின் ஒவ்வொரு நரம்பையும் தாங்கிப் பிடிக்கும் குதிரைகள் வரிசையாக நின்றன. காலையில் அவளே சுதி பார்த்து நிறுத்தியவை. வலது கையைப் பக்கவாட்டில் வைத்து, ஒரே வீச்சில் அத்தனையையும் சாய்த்தாள்.

மடமடவென்று விழுந்தன. தொய்ந்த நரம்புகள் உறுமின. முன் வரிசையில் மியோஷி பீடம் முழுவதும் ஒரே குரலில் "ஹா!" என்றது. கயோகோ நிமிரவில்லை. ஒரு குதிரையை எடுத்துக் கைக்கு வந்த இடத்தில் நிறுத்தி, அந்த நரம்பைத் தட்டிப் பார்த்தாள். பிடித்திருந்தது. அடுத்ததை நிறுத்தினாள். அதுவும் பிடித்திருந்தது. இன்னொன்று பிடிக்கவில்லை, எல்லோர் முன்னாலும் தலையாட்டி, நகர்த்தி வைத்தாள். யாரும் கேட்டிராத ஒரு சுதி அந்த மண்டபத்தில் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிறந்தது. பிறக்கப் பிறக்க மற்றவர்களைக் கண்ணால் உள்ளே கூப்பிட்டாள். குழல் வந்தது. தாளம் வந்தது. கடைசிக் குதிரையை நிறுத்திவிட்டுக் குவாத்தாவைப் பார்த்து முகவாயை ஆட்டினாள். அவன் கோலை எடுத்தான். அப்புறம் நடந்ததைச் சொல்வது கஷ்டம். ஆறு பேரும் ஆறு திசையில் ஓடினார்கள். ஆறு பேரும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்கள். ஹாதா விசிறிகளை மடியில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். உச்சத்தில், வாசித்துக்கொண்டிருந்த கையையே உயரத் தூக்கி, கயோகோ காற்றை வெட்டினாள். ஒரு மயிரிழை முன்பின் இல்லாமல் எல்லாம் நின்றது.

கைதட்டலைக் கூரை தாங்கவில்லை. கதவருகே நின்றவர்கள்தான் எல்லோரைவிடவும் பலமாகத் தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் நடைவழியில் மியோஷி அம்மையார் காத்திருந்தார். "செய்கா," என்று கூப்பிட்டார்.

"அந்தப் பேரு இப்ப இல்லைங்கம்மா. உராபே."

"உராபே. நீ குதிரையச் சாய்ச்சப்ப எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"எனக்குந்தாங்கம்மா."

அம்மையார் அவள் நெற்றியில் இருந்த முடிச்சைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். "வேணும்னா பேரத் திரும்ப வாங்கிக்கோ. அந்த இரைச்சலோடயே வாங்கிக்கோ."

கயோகோ ஆழமாகக் குனிந்து வணங்கினாள். "ரொம்ப நன்றிங்கம்மா. ஆனா வாசல்ல இடம் இல்ல. சாவிப் பலகை மாட்டியாச்சு." இந்த முறை வார்த்தை ரயில் வரைக்கும் காத்திருக்கவில்லை. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அம்மையார் போன பிறகு, நின்றுபோன மாணவிகளில் மூன்று பேர் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். "டீச்சர், நகத்த வச்சு உரசுறது எப்படின்னு..." என்று ஒருத்தி இழுத்தாள். "செவ்வாய்க்கிழமை வாங்க. சொல்லித்தர மாட்டேன். என்ன இஷ்டம்னு கேப்பேன்," என்றாள் கயோகோ. சொல்லிவிட்டு ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கூட்டம் முழுக்க மண்டபத்துக்கு எதிரே உள்ள ஒகொனோமியாக்கிக் கடைக்குள் புகுந்தது. மேஜையில் பதித்த இரும்புக்கல்லைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பீர் வந்தது. தெய்ஜி கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, யாரும் கேட்காவிட்டாலும், "நான் கடைசி வரிசை. ஒவ்வொண்ணும் கேட்டுச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முட்டைக்கோஸும் மாவும் கலந்த அடை தட்டு அகலத்துக்குக் கல்லில் வெந்துகொண்டிருந்தது. ஓரம் பொன்னிறமானதும் குவாத்தா சட்டைக் கையை மடித்துவிட்டு, இரண்டு இரும்புத் திருப்பிகளையும் எடுத்தான்.

"எல்லாரும் தள்ளுங்க. இத ஒடையாம திருப்பறதுக்கு ஒசாகாவுல ஒரே ஆளுதான்."

கயோகோ வாயிலிருந்த பீரை விழுங்கினாள். கையை நீட்டி, அவன் இரு கைகளிலிருந்தும் திருப்பிகளை வாங்கினாள். எழுந்து நின்றாள். இரண்டையும் அடைக்கு அடியில் செருகி, யாரையும் பார்க்காமல், ஒரே சுண்டில் அதை அந்தரத்தில் புரட்டிப் போட்டாள்.